இடது கைக்கு ஒரு கைப்பிடி

பிரியமுள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. புதுப்பட்டி பட்டாசு ஆலை ஓடுகிறது. தீபாவளி ஆர்டருக்கு லோடு ஏறத் தொடங்கிவிட்டது. மழையும் இந்த வருஷம் நம்மைப் பெரிதாகச் சோதிக்கவில்லை. அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். அடுத்து எழுதப்போவது சண்டை என்பதால் நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிட்டேன்.

உங்கள் ரிவால்வரைப் பற்றித்தான்.

உங்களை எடுத்த மறுநாள் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனேன். லைசென்ஸ்காரர் இறந்தால் அப்படித்தான் செய்யவேண்டும் என்றார்கள். ரைட்டர் அதைத் திறந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, ஆறு குண்டும் உள்ள கெடக்கு. இப்படியேவா பையில போட்டுத் தூக்கிட்டு வந்தீக?"

வெளியூர் போகும்போது மட்டும்தான் குண்டு போடுவீர்கள். வீட்டுக்கு வந்ததும் எடுத்துத் தனியாகப் பூட்டிவிடுவீர்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அப்படிப்பட்டவர் யாருக்குப் பயந்து நிரப்பி வைத்திருந்தீர்கள்?

எனக்குத் தோன்றியது ஒரே ஆள். சித்தப்பா. உங்களோடு பிறந்த ஒரே தம்பி. ஆலையைப் பிரித்ததில் மனத்தாங்கலாகிக் காரியாபட்டிக்குப் போனவர், ஒன்பது வருஷமாக நம் வாசலை மிதிக்கவில்லை. உங்களை எடுத்த அன்று வந்து ஓரமாக நின்றார். கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணன் துப்பாக்கி எங்கன இருக்கு?" துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது? பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

கடைசி ஒரு வருஷம் நீங்களும் சரியாக இல்லை அப்பா. கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினால் "வச்சுட்டுப் போ" என்பீர்கள். தட்டை அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டீர்கள். வியாழக்கிழமை ஆனால் எங்கே போகிறீர்கள் என்று யாரிடமும் சொல்லாமல் காரில் கிளம்பினீர்கள். டிரைவரும் வாயைத் திறக்கமாட்டார். ஆலையை நான் பார்க்க ஆரம்பித்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை, என்னை நீங்கள் நம்பவில்லை என்றே முடிவு கட்டினேன்.

போன மாதம் விருதுநகரிலிருந்து ஒரு போன். மரவேலைப் பட்டறை வைத்திருக்கும் மாரிமுத்து பேசினார். "அய்யா துப்பாக்கிக்கு மரத்துல கைப்பிடி கேட்டிருந்தாக. மாதிரி செஞ்சு வச்சிருக்கேன். எந்த மரம்னு மட்டும் சொல்லாமப் போய்ட்டாக." லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற மனு கொடுத்திருந்தேன். மரத்தை நாமே பார்த்துச் சொல்லுவோம் என்று போனேன்.

மேசைமேல் மூன்று துண்டுகள் வைத்திருந்தார். ஈட்டி, கருங்காலி, வாகை. பக்கத்தில் சாதா மரத்தில் செதுக்கிய மாதிரி. அதை எடுத்துப் பிடித்தேன். கையில் உட்காரவே இல்லை. பெருவிரல் பதிய வேண்டிய இடம் எதிர்ப்பக்கம் இருந்தது.

"அது நொட்டாங்கைக்குச் செஞ்சதும்மா."

"அப்பாவுக்கு எல்லாம் வலது கைதானே?"

"எனக்கென்ன தெரியும்? அய்யா கையக் களிமண்ணுல அமுக்கித்தான் அளவெடுத்தேன். கூட ஒருத்தர் வந்தாக. அவுகதான் இடது கையில பிடிச்சுப் பாத்து, இங்கன தேயி, அங்கன கொறைன்னு சொன்னாக. அய்யாவுக்கு இருக்க மாதிரியே மூக்கு."

நம் குடும்பத்தில் இடது கைக்காரர் ஒருவர்தான்.

எல்லாம் புரிந்துவிட்டதாக அப்போது நினைத்தேன். துப்பாக்கியைச் சித்தப்பாவுக்கு மாற்றிக் கொடுக்க இருந்திருக்கிறீர்கள். மிரட்டிக் கேட்டாரா, கெஞ்சிக் கேட்டாரா? துப்பாக்கியோடு வேறு என்னென்ன கேட்டார்? மரத்தைச் சொல்லாமலே காரியாபட்டிக்கு வண்டியை விட்டேன்.

சித்தி சேவும் காபியும் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. "அப்பா துப்பாக்கிய உங்களுக்குத் தாரேன்னாரா?" என்று நேராகவே கேட்டேன்.

சித்தப்பா கோபப்படவில்லை. "குண்ட எடுத்துட்டியா தாயி?" என்றார்.

"ஸ்டேஷன்ல எடுத்துட்டாக."

அவர் மூச்சு அப்போதுதான் இறங்கியது.

"அண்ணனுக்குச் சோத்துக்கையில பிடி இல்லாமப் போயி ஒரு வருசம் ஆச்சு. கழுத்து நரம்புன்னு டாக்டர் சொன்னாராம். வெளியூருக்குப் போட்டுட்டுப் போன குண்டத் திரும்பி வந்து எடுக்க முடியல. அத மடக்கித் திறக்க ரெண்டு கையும் வேணுமே. நான் எடுத்துத் தாரேன்னேன், மாட்டேன்னுட்டாரு. அந்தப் பயத்துலதான் அன்னைக்கு ஒங்கிட்டக் கேட்டேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"கை போச்சுன்னா ஆளே போச்சுன்னு நினைச்சாரு. லைசென்ஸ் புதுப்பிக்கப் போறதுக்குள்ள நொட்டாங்கையப் பழக்கிறணும்னு வியாழக்கிழமை தவறாம இங்கன வருவாரு. எழுத, திங்க, எல்லாம் பழகுனாரு. சின்னதுல நொட்டாங்கையால சோறு அள்ளுனா எனக்குப் புறங்கையில அடி விளும். அடிக்கிறது அண்ணந்தான். அவரே வந்து, 'ஏலே, இத எப்படிப் பிடிக்கணும்'னு கேட்டா நான் என்ன சொல்ல?"

நான் முழுசாக நம்பவில்லை அப்பா. ஒரு வருஷம் ஊறிய சந்தேகம் ஒரு பேச்சில் இறங்கிவிடுமா? அவர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு. பக்கம் பக்கமாக உங்கள் பெயர். முதல் பக்கத்தில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. கடைசிப் பக்கத்தில் ஏறக்குறைய உங்கள் கையெழுத்து. நடுவில் ஓரிடத்தில் என் பெயரும் இருந்தது. அதை எதற்கு எழுதிப் பார்த்தீர்கள்?

அங்கேயே அழுதேன். கோபமும் வந்தது. நீங்கள் அடித்த தம்பியிடம் காட்ட முடிந்த கையை என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? நான் உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் நீங்கள் என்னைக் கண்டு பயந்துகொண்டிருந்தீர்களா?

"துப்பாக்கி ஒங்களுக்கு வேணுமா சித்தப்பா?"

"எனக்கெதுக்கு தாயி அது? கைப்பிடிய வேணா வாகையில முடிக்கச் சொல்லு. அந்தக் கைக்குக் கனம் தெரியலன்னு வாகையத்தான் தடவிக்கிட்டே இருந்தாரு. ஈட்டிதான் கௌரவம்னு யோசிச்சு யோசிச்சே போய்ச் சேந்துட்டாரு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை. "தட்டச் சுத்திச் சோறு சிந்திக் கெடக்கும். கேட்டா வருத்தப்படுவாருன்னு கேக்கல" என்றாள்.

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். துப்பாக்கி அரசாங்கத்திடமே போகட்டும். கைப்பிடியை வாகையில் முடிக்கச் சொன்னதும், "துப்பாக்கியே இல்லாம அது எதுக்கும்மா?" என்றார் மாரிமுத்து. உங்கள் கை அளவு வேறு எங்கே இருக்கிறது? நேற்று வாங்கி வந்தேன். இடது கையில் பிடித்துப் பார்த்தால் என் விரல்கள் உங்கள் பள்ளங்களை நிறைக்கவில்லை.

தீபாவளிக்குச் சித்தப்பா குடும்பத்தோடு நம் வீட்டுக்கு வருகிறார். காரியாபட்டியில் அன்று என் முன்னால் சேவை வலது கையால் எடுத்து, பாதியை மடியில் சிந்தினார், இந்த வயதிலும். நம் வீட்டில் அவர் எந்தக் கையால் வேண்டுமானாலும் சாப்பிடுவார். யாரும் ஒரு பார்வைகூடப் பார்க்கமாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு அப்பா.

உங்களுக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்த
ராஜி