குளிர்ந்தது குருவி அல்ல

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ அனுப்பிய பதிவுகளும், அடுத்த மாதம் கருத்தரங்கில் படிக்கப்போகும் கட்டுரையும் போன வாரமே கிடைத்தன. இந்தக் கடிதத்தை மலையடிவார அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். சாமான் வண்டிக்காரர் உன்னிடம் சேர்த்துவிடுவார். நீ போன் பேச அடிவாரத்துக்கு இறங்கும்வரை காத்திருக்கலாம்தான். ஆனால் போனில் நீ முதலில் சிரிப்பாய். அதன் பிறகு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அம்மா சௌக்கியம். படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலிக்கிறதாம். ஆனாலும் மாடிப்படியில் எதிரே வருகிற எல்லோரையும் நிறுத்தி, "எங்க சின்னவ கண்டுபிடிச்சிருக்கா, தெரியுமா? அந்தக் குருவிங்க ராத்திரியானா உடம்பைத் தானே குளிர வச்சுக்கிட்டுத் தூங்குதாம்" என்கிறாள். கீழ்வீட்டு வக்கீல், "அப்ப உங்க பொண்ணுகிட்ட சொல்லி எனக்கும் கத்துக் குடுங்கம்மா, கரண்ட் பில் மிச்சம்" என்றாராம். அம்மாவுக்கு அவரோடு இப்போது பேச்சு இல்லை. "பெரியவ மிஷினைக் கட்டிக்கிட்டா, சின்னவ குருவியைக் கட்டிக்கிட்டா. ஏதோ ஒண்ணாவது பேர் வாங்கிக் குடுத்துதே" என்பது அவள் சமீபத்திய பேச்சு.

கட்டுரையை மூன்று முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். குருவியின் முதுகில் ஒட்டிய டிரான்ஸ்மிட்டர், உடம்புச் சூடு குறைந்தால் கொஞ்சம் கீழான அதிர்வெண்ணில் பேசும். இரவில் எல்லாக் குருவிகளின் சிக்னலும் சேர்ந்தே கீழிறங்கி, விடிந்ததும் ஏறுகிறது. எனவே இவை இரவில் குளிர்ந்து உறங்குகின்றன. இதுதானே உன் வாதம்? எல்லாம் ஒன்றாக இறங்குவதையே பெரிய சான்றாகக் காட்டியிருக்கிறாய். எனக்கு உறுத்தியதும் அதுதான்.

இந்த சிக்னல்களைப் பிடிக்கும் நம் ரிசீவர் குருவிகளை மட்டும் கேட்பதில்லை. பக்கத்து அலைவரிசையில் அடிவாரத்து வானிலை அறிவிப்பு நிலையமும் எப்போதும் அதில் பதிவாகிறது. உனக்கு அது வெறும் இரைச்சல் என்பதால் ஒதுக்கிவிட்டாய். நான் அதை எடுத்துப் பார்த்தேன். அந்த நிலையமும் இரவில் கீழிறங்கி, விடிந்ததும் ஏறுகிறது. அதற்கு இறகும் இல்லை, உறக்கமும் இல்லை.

ரிசீவருக்குள் ஒரு சிறிய படிகம் கடிகாரம் போலத் துடிக்கிறது. எந்த சிக்னல் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்பதை நான் எழுதிக் கொடுத்த மென்பொருள் அந்தத் துடிப்பை வைத்துத்தான் அளக்கிறது. குளிரில் துடிப்பு மாறினால், வருகிற அலைகள் எல்லாமே இடம் மாறியது போலத் தெரியும். இதற்கு வழக்கமாகச் செய்வது, பெட்டியின் வெப்பத்தை அளந்து அதற்கேற்பத் திருத்துவது. நான் ஒரே ஒரு எண்ணைத்தான் திருத்தமாகக் கொடுத்திருந்தேன். ரிசீவர் நீ தூங்கும் அறையில்தான் இருக்கிறது, ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடுகிறது, அறை எப்போதும் ஒரே கதகதப்பில் இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். அதை வைத்துக் கொடுத்த எண் அது.

இப்போது வானிலை நிலையத்தின் சிக்னலை அளவுகோலாக வைத்து, எல்லா இரவுகளையும் திருத்திப் பார்த்தேன். குருவிகளின் கோடுகள் நேராகிவிட்டன. வெளியே அவ்வளவு குளிரிலும் அவை உடம்புச் சூட்டை விடவில்லை. இதுவும் ஒரு முடிவுதான் என்று ஆறுதல் சொல்லலாம். இதற்கு யாரும் மேடை தரமாட்டார்கள் என்பது உனக்கும் தெரியும்.

ஒரே ஒரு கோடு மட்டும் நேராகவில்லை. நீ வாயாடி என்று பெயர் வைத்த குருவி. கட்டுரையின் முதல் படமே அதுதான். கடைசி வாரத்தில் அதன் கோடு திருத்திய பிறகும் கீழேதான் இருக்கிறது. வெயில் வந்தால் ஏறுகிறது, மேகம் மறைத்தால் இறங்குகிறது. சிக்னல் பாறைப் பக்கமிருந்தே வருகிறது, திசை மாறவே இல்லை. எல்லாவற்றிலும் ஆழ்ந்த உறக்கம் என்று அதன் கீழே எழுதியிருக்கிறாய். அது உறக்கம் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் போனால் ஒரு நடை பார்த்துவிட்டு வா.

நீ அடிவாரத்திலிருந்து போன் செய்து, "அக்கா, கிடைச்சிருச்சுக்கா!" என்று கத்தினாயே, அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். பேங்க் வேலையை விட்டுவிட்டுப் பறவை ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் கேட்ட கேள்விகளுக்கு ஒரு வருஷம் நீ என்னோடு பேசவில்லை. அதனால் இந்த ஒரு முறையாவது எதையும் கேட்காமல் சந்தோஷப்படலாம் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. உன்னோடு சேர்ந்து நானும் கத்தினேன், நினைவிருக்கிறதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருத்தத்தில் கழித்துப் போட்ட அந்தக் கோட்டைத் தனியாக வரைந்து பார்த்தேன். அது ரிசீவரின் குளிர். ரிசீவர் இருப்பது உன் கட்டிலுக்குப் பக்கத்தில். இரண்டாவது பீப்பாய் டீசலுக்குத் துறைத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வாரத்திலிருந்துதான் கோடு இறங்க ஆரம்பிக்கிறது. ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு பேட்டரியில் ரிசீவரை மட்டும் ஓட்டியிருக்கிறாய். ஹீட்டர் ஓடவே இல்லை. ஒரு இரவு உன் அறையும் வெளிவாசலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்கின்றன. அன்றைக்குத்தான் "இங்க சும்மா கதகதன்னு இருக்குக்கா" என்று எழுதியிருக்கிறாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். சொன்னால் நான் என்னவெல்லாம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியும். குளிருகிறது என்று அக்காவிடம் சொல்வதைவிடக் குளிரில் கிடப்பது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நேற்று முழுவதும் வேறு எதுவும் ஓடவில்லை.

கட்டுரையை என்ன செய்வது என்பது உன் முடிவு. திருத்திய பதிவுகள் இத்துடன் உள்ள பென் டிரைவில் இருக்கின்றன. பேச்சை ரத்து செய்தாலும் சரி, மேடையேறி இதையே சொன்னாலும் சரி, நான் கூட வருகிறேன். திருத்தம் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மாடிப்படியில் நின்று பேசட்டும்.

வண்டிக்காரரிடம் ஒரு பீப்பாய் டீசலுக்குச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அதுவும் வந்திருக்கும். திருப்பி அனுப்பாதே. இன்றிரவே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கு. அடுத்த பதிவை வண்டியில் கொடுத்து அனுப்பு. அதில் வானிலை நிலையத்தின் கோடு இரவு முழுக்க நேராக இருக்க வேண்டும். அதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணம்மா.

உன்
அக்கா