ரப்பர் பலகை உதைத்த வாரம்

பிப்ரவரி 9, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மூன்று மணிக்கு இடி. மழை இல்லை, வெறும் மிரட்டல்.

இன்று நான் சாகவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

வருங்கால வரலாற்று ஆசிரியர்களுக்காக இடத்தையும் குறித்துவைக்கிறேன். மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே, செம்மோர் பக்கம் மூடிப்போன ரப்பர் தோட்டத்தின் பழைய புகைக்கூடம். இப்போது எங்கள் பட்டறை. வேலை, வீடுகளுக்கு மரத்தில் சாமி மேடை செய்வது. ஆட்கள் இரண்டே பேர். நானும், என் மனைவி புஷ்பத்தின் தம்பி தேவராஜும். அவன் மாமியார் வீட்டு விசேஷத்துக்கு சிலிம் ரிவர் ஊருக்குப் போயிருக்கிறான், வியாழன் வருவான். ஆகவே சாட்சி யாருமில்லை.

காலை பதினொன்று இருக்கும். ஏழடி ரப்பர் பலகை. மேசை நடுவில் சுழலும் வட்ட வாளில் நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தேன். பாதி தாண்டியதும் அறுத்த பிளவு வாயை மூடிக்கொண்டது. ரப்பர் மரம் அப்படித்தான். உள்ளே முறுக்கை வைத்துக்கொண்டு வெளியே சாதுவாக இருக்கும். பின்பக்கம் மேலேறி வருகிற பல் பலகையைக் கவ்வியது. அதற்கப்புறம் எதையும் பார்க்கவில்லை. ஒரு சத்தம், அவ்வளவுதான். பலகை என் இடது விலாவில். நான் ஜிங்க் தகரச் சுவரில்.

விரல்களை எண்ணினேன். பத்து. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன். பத்து. இடது கை வாளை நோக்கி இழுபட்டது நினைவிருக்கிறது. எவ்வளவு பக்கம் போனது என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

சேதம்:
- விலா, கத்தரிக்காய் நிறம், பலகை முனை அளவு சதுரம்
- சட்டைப் பொத்தான் இரண்டு, காணவில்லை
- மானம், யாரும் பார்க்காததால் தப்பியது

புஷ்பத்திடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். தைலம் தேய்த்துக்கொண்டே, குளியலறை என்ன இத்தனை சதுரமாகவா இருக்கிறது என்று கேட்டாள். சட்டையை இறக்கிவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் மூடுபனி, எட்டு மணிக்கே காணாமல் போனது. மூச்சை முழுசாக இழுத்தால் குத்துகிறது.

புந்தோங் சாப்பாட்டுக் கடையில் ஏன் கோணலாக உட்காருகிறேன் என்று கேட்டார்கள். காட்டுப்பன்றி என்றேன். லாரி அளவு. பட்டறைக்குள் புகுந்தது, கொம்பைப் பிடித்து நிறுத்தினேன். பன்றிக்கு ஏது கொம்பு என்றான் ஒருவன். "அதனாலதான் பிடிக்க கஷ்டமா இருந்துச்சு." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், விலா உயிரை எடுத்தது.

முப்பது வருடமாக இந்த வாய்தான் என் விளம்பரப் பலகை. ஈப்போவிலிருந்து கோலா கங்சார் வரைக்கும் என்னைப் போல் வாள் பிடிக்க ஆளில்லை. என்னைக் கண்டால் மெஷினே நடுங்கும். ஒரு கீறல் பட்டதில்லை. எல்லாம் நானே பரப்பியது.

வாளைக் கழற்றிச் சாணைக்கடை ஆ செங்கிடம் கொண்டுபோனேன், சாணை பிடிக்க. சீனப் பெருநாளுக்குக் கடை மூடப்போகிறான், உடனே பிடித்துக் கொடுத்தான். வாளின் பக்கவாட்டில் கறுப்பாய்க் கருகிய தடம். விரலால் தடவிப் பார்த்தான். பிறகு மலாயில் ஒரே கேள்வி, வாளுக்குப் பின்னால் நிற்குமே, அந்தத் தகடு எங்கே?

துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன் என்றேன். அவன் என் விலாப் பக்கம் பார்த்தான்.

சரி. இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது.

போன அக்டோபர், ஆயுத பூஜை. மெஷினைக் கழுவ மேல்மூடியையும் பின்தகட்டையும் கழற்றினேன். தகட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து உளி, இழைப்புளியோடு சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினேன். அழகாக இருந்தது. மறுநாள் எல்லாவற்றையும் எடுத்தேன், தகட்டை மட்டும் எடுக்கவில்லை. சாமி காலடியில் இருப்பதை உடனே எடுப்பானேன் என்று ஒரு பக்தி. தகடு இல்லாமல் பலகையில் காடிப் பள்ளம் வெட்டுவது சுலபம் என்று ஒரு சோம்பேறித்தனம். இரண்டுக்கும் சேர்த்து மெஷினுக்குச் சாமி காவல் என்று சொல்லிக்கொண்டேன்.

உள்ளங்கை அளவு இரும்புதான். அறுத்த பிளவு மூடாமல் நடுவில் நின்று தாங்கிக்கொள்ளும். வேறு வேலையே கிடையாது அதற்கு.

சாயங்காலம் வாளைத் திரும்ப மாட்டினேன். ஏன் மாட்டினேன்? மாட்டாவிட்டால் தேவராஜ் ஏன் என்று கேட்பான்.

பிப்ரவரி 11, புதன்

மழை. ஜிங்க் கூரையில் ஆயிரம் யானை ஓடுகிற சத்தம்.

முடிவு: அவன் வருவதற்குள் தகட்டை மாட்டிவிடுவது. யாருக்கும் எதுவும் தெரியாது. பலகை உதைத்தது எனக்கும் பலகைக்கும் மட்டும்.

சாமி அலமாரியில் தகடு இல்லை. கீழ்த்தட்டில் இல்லை. ஆணி டின்னில் இல்லை. மூன்று தடவை தேடினேன். கடைசியில் சும்மா கேட்பது போல் புஷ்பத்திடம் கேட்டேன். தைப்பூசத்துக்கு வீட்டையும் பட்டறையையும் துடைத்தபோது துருப்பிடித்த சாமான் எல்லாவற்றையும் பழைய இரும்பு லாரிக்குப் போட்டுவிட்டாளாம். முக்கியமான சாமானா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

மெஷின் கடைக்குப் போன் செய்தேன். அந்த மாடலுக்குத் தகடு பெருநாளுக்கு அப்புறம்தான் வரும். இப்போது கையில் இருக்கிற சாமி மேடை ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுவீட்டுக்குப் போயாக வேண்டும். அறுக்க வேண்டியது பதினாறு பலகை, எல்லாம் ரப்பர், எல்லாம் அதே லோடு.

மதியம் தேவராஜ் கூப்பிட்டான். நாளை காலையே வந்து மிச்சப் பலகையை அவனே அறுத்துவிடுவானாம், மெஷின் நன்றாக இருக்கிறதா என்று கேட்டான். அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. என் வாய் சொன்னது: "மாமா கை வச்ச மெஷின் மச்சான், தங்கம் மாதிரி இருக்கு."

போனை வைத்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னைவிட அவன் ஒரு சாண் குள்ளம். எனக்கு விலாவில் பட்டது அவனுக்கு நெஞ்சில் படும். அல்லது தொண்டையில்.

நாளை அவனுக்கு முன்னால் போய்விட வேண்டும். ஏழரைக்குக் கிளம்பினால் சரி. போய் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

வானம் மூட்டம்.

ஏழே முக்காலுக்குப் பட்டறைப் பாதையில் திரும்பினேன். மெஷின் சத்தம் கேட்டது. அவன் முந்திவிட்டான்.

மோட்டார் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன். வாசலில் நின்றேன். முதுகைக் காட்டி நின்று பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தான். பாதி தாண்டியிருந்தது. பலகைக்கு நேர் பின்னால், நான் நின்ற அதே இடத்தில் நிற்கிறான்.

கூப்பிட முடியாது. கூப்பிட்டால் திரும்புவான், கையும் திரும்பும். சுவர் சுவிட்சை அணைக்கவும் முடியாது. வாள் உடனே நிற்காது, பலகை நடுவில் மாட்டும். எனக்குத் தெரிந்த ஆயிரம் பேச்சில் ஒன்றுகூட அங்கே உதவவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். மூன்றடி மிச்சம். இரண்டடி. பிளவு நெருங்குகிற மாதிரி தெரிந்தது, சத்தம் கனத்தது, புகை வாசம். ஒன்றரை. கும்பிட்டேனா என்று நினைவில்லை. கால்சட்டை நனைந்ததா என்று பிறகு தடவிப் பார்த்தேன், அது நினைவிருக்கிறது.

பலகை வெளியே வந்தது. இரண்டாய்.

போய்ச் சுவர் சுவிட்சை அணைத்தேன்.

"என்னா மாமா, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு? கரண்டு அடிச்சிருச்சா?"

"பின்னால தகடு இல்ல மச்சான்."

"தெரியுமே."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"பூஜைக்கு மறுநாள்லேருந்து. நீங்க கழட்டிருக்கீங்க, காரணம் இருக்கும் லான்னு விட்டுட்டேன். மாமாவுக்குத் தெரியாத மெஷினா."

கையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "ரெண்டு தடவ பலகை எழும்புச்சு. ஒரு தடவ காதுகிட்ட போச்சு. எனக்குத்தான் கை பத்தலன்னு நெனச்சேன். சொன்னா நீங்க சிரிப்பீங்க."

சட்டையைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தான்.

"பாத்ரூம்ல விழுந்தீங்கன்னு அக்கா சொன்னுச்சு."

மெஷின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை அவனிடம் கொடுத்தேன்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. வாரத்துக்கு ஆறு நாள். காதுகிட்ட. எந்த நாள் என்று கேட்கவில்லை. அன்றைக்கு நான் எந்தக் கடையில் உட்கார்ந்து என்ன கதை விட்டுக்கொண்டிருந்தேனோ.

பிப்ரவரி 13, வெள்ளி

வெயில். விலா மஞ்சளாகிறது.

புஷ்பத்திடம் எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று தயாராகப் போனேன். இரும்பு லாரிக்குப் போட்டது நான்தானே என்று உட்கார்ந்து அழுதாள். அது அவள் தப்பில்லை என்று பத்துத் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

புதுவீட்டுக்காரர் வீட்டுக்குப் போய் மேடை ஞாயிற்றுக்கிழமைக்கு வராது என்றேன். ஏன் என்றார். பன்றி, யானை எதுவும் வாயில் வரவில்லை. மெஷினில் பாதுகாப்புத் தகடு இல்லை, அறுக்கப் பயமாக இருக்கிறது என்றேன். முகம் சுளித்தார். படத்தை மேசையில் வைத்துக் கும்பிட்டுக்கொள்கிறோம் என்றார்.

பட்டறையில் கைவேலை மட்டும். தேவராஜ் மரச்சட்டங்களைத் தேய்த்தான். பத்து மணிக்கு ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு பக்கமும் முறுக்கி, நடுவில் வெடிப்பு.

"தகடு வந்தப்புறம் இத எப்படி மாமா அறுக்கறது? எந்தப் பக்கத்த மேசையில வைக்கணும்?"

பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தெரியலடா" என்றேன். முப்பது வருடத்தில் இந்த வாயில் வராத வார்த்தை.

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பலகையைக் கீழே வைத்துவிட்டு, பயந்துபோய் என்னைப் பார்த்தான்.