மிளகாய்க் கிட்டங்கியில் இத்தாலி அடுப்பு

என் அருமை அத்தாவுக்கு,

உங்கள் செல்ல மகன் இத்தாலி போய் வந்துவிட்டான். கடலே எட்டாத உள்நாட்டில் உம்பிரியா என்று ஒரு வட்டாரமாம். மலைமேல் கல்வீடுகள், சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். வந்ததிலிருந்து விருதுநகர் வெயில் துரைக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அங்கே ரொட்டியில் உப்பே போட மாட்டார்களாம். அதையும் பெருமையாகச் சொல்கிறான். சால்னாவில் உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறவன் அத்தா இவன்! மண்ணுக்குள் விளையும் கறுப்புக் காளானை நாய் மோப்பம் பிடித்துத் தருமாம். அப்புறம் பருப்பு; அந்த ஊர்ப் பருப்புக்கு ஈடே இல்லையாம். பருப்பு மண்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவன், பருப்பின் அருமை தெரிய விமானம் ஏறியிருக்கிறான். ஒயினைத் தொடவில்லை, மோந்துதான் பார்த்தேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்தான். மோந்து பார்த்தவன் அதன் ருசியை அரை மணி நேரம் விவரிப்பானா?

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உங்களுக்குப் பிறகு நான் நடத்திவரும் மிளகாய்க் கிட்டங்கியை, அடுக்கி வைத்த மூட்டைகளையெல்லாம் வெளியேற்றிக் காலி செய்து, ‘உம்பிரியா’ என்று ஓட்டல் வைக்கப் போகிறானாம்.

“அக்கா, எம்புட்டு நாளைக்கு இந்த நெடியில கெடப்பீக? வீட்ல இருங்க” என்றான். என் பிழைப்பு அவனுக்கு நெடி. “ஆம்பளப் பிள்ளை ஆசைப்படுறான்ல” என்று அம்மாவும் கிட்டங்கிச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டாள்.

போன வாரம் சொந்தக்காரர்களைக் கூட்டி, கிட்டங்கிக்குள்ளேயே விறகடுப்பில் ரொட்டி சுட்டான். அடுப்பு எதில் கட்டினான் தெரியுமா? சிக்கனமாம், கிட்டங்கியின் பழைய தரையைப் பெயர்த்த செங்கல்லில்! மிளகாய்த் தூள் ஊறிய கல் என்று வியாபாரி மகனுக்குத் தோன்ற வேண்டாமா? சூடேறியதும் கிளம்பியது பாருங்கள் நெடி! மாமா, மச்சான், ஓட்டலுக்கென்று அவன் பிடித்துவந்த வெள்ளைத் தொப்பி சமையல்காரர், எல்லாரும் இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். உங்கள் செல்ல உம்பிரியாக்காரன்தான் முதல் ஆள்.

“தாயி, நீங்களும் வெளிய வாங்க, மூச்சு முட்டிரும்!” என்று மூட்டை தூக்கும் மாரியண்ணன் கத்தினார். நான் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ எப்படித்தா இதுக்குள்ளயே இருந்த?” இத்தனை வருடத்தில் இப்போதுதான் கேட்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நெடியால் என்று நினைத்துக்கொண்டார்கள். அங்கேயே அவனிடமிருந்து சாவியை வாங்கி என் கையில் வைத்தாள்.

நீங்கள் இருந்திருந்தால் யாரிடம் கொடுத்திருப்பீர்கள் அத்தா? அவனிடம்தான், இல்லையா? எனக்குத் தெரியும். தெரிந்தும் உங்கள்மேல் பாசம் குறையவில்லை.

ஆனால் ஒரு வாக்கு: இனி நீங்களே வந்து கேட்டாலும் சாவியைத் தர மாட்டேன்.

யாரும் கேட்காமலே கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும்
உங்கள் மூத்த மகள்,
மைமூன்