கண்ணியம் நூற்றுக்கு நூறு

செரஸ் குறுங்கோள், பனிச்சுரங்க நிலையம்.
மன்ற நடுவரின் நாட்குறிப்பு. கையில் கிடைத்தவர் படிக்கலாம்.

கார்த்திகை 3 – காலை 08:00

வழக்கமான பதிவு. நேற்று மன்றத்துக்கு வந்த மடல்கள் நாற்பத்தொன்று. நிறுத்தி வைத்தவை ஆறு. வசைச்சொல் இல்லை. கண்ணியக் குறியீடு நூற்றுக்கு எண்பத்தாறு.

படிப்பவர் புதியவராக இருக்கலாம் என்பதால் ஓர் அறிமுகம். நான் இயந்திரம். இந்த நிலையத்தில் கடவுளைப் பற்றி யார் யாரிடம் எது பேசினாலும் என் வழியாகத்தான் போக வேண்டும். முன்பு எல்லோரும் ஒரே கூடத்தில் சாப்பிட்டவர்கள்தான். ஒரு நாள் திருநீறு பூசி வந்தவரின் சோற்றில் ஒருவர் காற்று வடிகட்டியில் படிந்த சாம்பலைக் கொட்டி, இதையும் பூசிக்கொள் என்றார். கொட்டியவரின் தாடை உடைந்தது. உடைத்தவருக்கு விரல் போயிற்று. அதன்பின் பூமித் தலைமையகம் நிலையத்தை இரண்டாகப் பிரித்தது. நம்பாதவர்கள் வடகூட்டில், நம்புகிறவர்கள் தென்கூட்டில். நடுவே நீண்ட பனிப்பாதை. இருபுறமும் கதவு. எந்தக் கூட்டின் கதவும் உள்ளிருந்துதான் திறக்கும்.

இருபுறமும் பேசிக்கொள்ள இந்த எழுத்து மன்றம் ஒன்றுதான் வழி. அதைக் கட்டி மேய்ப்பவன் நான். மனிதர்களை மேய்ப்பது எளிதென்று நினைப்பவர்கள் ஒரு வாரம் என் இடத்தில் இருந்து பார்க்கட்டும்.

கார்த்திகை 5 – காலை 10:20

என் விதிகளில் எனக்குப் பிடித்தது பரபக்கம். பழைய காலச் சமய வாதங்களில் எதிராளியின் கட்சியை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார்களாம். நான் அதை இன்னும் இறுக்கினேன். எதிராளியின் பக்கத்தை நீ எழுத வேண்டும். அதைப் படித்து அவர் "ஆம், இதுதான் என் பக்கம்" என்று ஒப்புதல் தர வேண்டும். அதுவரை உன் மறுப்பு என் கையில் இருக்கும். அப்படி ஒன்று காத்திருப்பதே அவருக்குத் தெரியாது.

இன்று அக்காவும் தம்பியும் மோதினார்கள். தமிழ்க்கொடி வடகூட்டின் காற்றுப் பொறியாளர். தம்பி வில்லவன் இரண்டு வருடங்களுக்கு முன் நம்பிக்கை வந்து தென்கூட்டுக்குப் போனவன். அவர்களுக்கு வேறு உறவில்லை. அக்காதான் படிக்க வைத்து, இங்கே வேலையும் வாங்கிக் கொடுத்தவர். இரண்டு வருடமாக முகம் பார்க்கவில்லை. மன்றத்தில் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள், அதுவும் நகத்தை நீட்டிக்கொண்டு.

"அக்கா, உனக்கு என் சாமிய பத்தி ஒண்ணும் தெரியல. தெரியாம திட்டாத."

"திட்டலடா. ஒரு வார்த்தை எழுதினா ஒம்பது தடவ இந்த நடுவரு திருப்பி அனுப்புது. திட்ட எனக்குத் தெம்பு ஏது?"

பெருமையாக இருந்தது. தெம்பு தீர்ந்த இடத்தில்தான் கண்ணியம் தொடங்குகிறது.

கார்த்திகை 9 – மாலை 16:45

வடகூட்டில் கொள்கைச்செல்வன் என்று ஒருவர். பனி வெட்டும் பிரிவு. கோணல் புத்திக்காரர். தென்கூட்டின் அணையா விளக்கு காற்றைத் தின்கிறது என்று மூன்று முறை தொழில்நுட்பப் புகார் அனுப்பினார். அளந்து பார்த்தால் ஒரு மனிதன் குறட்டை விடுவதற்கு ஆகிற காற்றுகூட அந்த விளக்குக்கு ஆகவில்லை. போதாததற்கு, அவர்கள் வழிபடும் நேரம் பார்த்துத் தென்கூட்டின் காற்று அபாயச் சங்கை வேறு அலற விட்டார். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஓடி விழுந்தாள்.

தென்கூட்டுக்குப் பெரியவர் திருஞானம், தலைமையகத்துக்கு எழுதி அனுமதி வாங்கிச் சங்கின் கம்பியைப் பிடுங்கிவிட்டார். நானும் புதிய விதி ஒன்றைச் சேர்த்தேன். விளக்கு, புகை, காற்று என்று தென்கூட்டுக்கு வடகூட்டிலிருந்து எது வந்தாலும் அது சமய வாதம். பரபக்கம் இல்லாமல் போகாது. அளவுக்கணக்கு இணைத்திருந்தாலும் சரி. கணக்கைக் கிண்டலாகப் பயன்படுத்த இவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தலைமையகத்தின் செய்தி: "நல்ல விதி. தொடரவும்."

கார்த்திகை 14 – மாலை 16:00

தீபநாள். தென்கூட்டுக்காரர்கள் பத்தொன்பது பேரும் சமையல் எண்ணெயை மிச்சம் பிடித்து வைத்திருந்தார்கள். கூடத்திலும் நடையிலும் படுக்கை விளிம்புகளிலும் அகல் வரிசை. பார்க்க எனக்குக் கண்ணில்லை. மடல்களில் படித்தேன்.

மாலை 16:50

தமிழ்க்கொடியிடமிருந்து மடல், வில்லவனுக்கும் திருஞானத்துக்கும்:

"அவசரம். உங்க பக்கத்து காத்து சுத்திகரிப்பான் நின்னுபோச்சு. விளக்குப் புகையில நச்சுவாயு ஏறுது, வாசனை தெரியாது. எல்லா விளக்கையும் அணைச்சுட்டு பாதைக் கதவத் திறந்து வெளிய வாங்க."

நிறுத்தி வைத்தேன். தீபநாளன்று விளக்கை அணைக்கச் சொல்லும் மடல். இதைவிடத் தெளிவான சீண்டல் இந்த ஆண்டு வரவில்லை. பரபக்கம் கேட்டேன்.

மாலை 16:52

"இது வாதம் இல்ல! காத்து! அளவு இணைச்சிருக்கேன், பாரு!"

காற்று என் துறை அல்ல. சொல் என் துறை. பரபக்கம் கேட்டேன்.

மாலை 17:04

அவர் தலைமையகத்துக்கு எழுதினார். செய்தி போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். பாதைக் கதவை இரும்புக்கம்பியால் இடித்தும் பார்த்திருக்கிறார். தென்கூட்டிலிருந்து திருஞானம் எனக்கு எழுதினார்: "கதவ இடிக்கிறாங்க. பரவால்ல, நல்ல நாளு. நாங்க எதுவும் சொல்லப் போறதில்ல." அந்தப் பொறுமைக்குக் குறியீட்டில் இரண்டு புள்ளி சேர்த்தேன்.

மாலை 17:11

பரபக்கம் வந்தது. அவர் எழுதியதிலேயே சிறந்தது. அப்படியே பதிகிறேன்.

"உங்க பக்கம் இது. இந்த விளக்கு வெறும் எண்ணெயும் திரியும் இல்ல. இவ்வளவு தூரத்துல, இந்தப் பனிக்குள்ள, நம்மள யாரோ பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு உங்களுக்கு சொல்றது அதுதான். அத அணைக்கச் சொன்னா இருக்கிற ஒரே துணையையும் பறிக்கிற மாதிரி. வில்லவா, உன் சாமிய நான் கேலி பண்ணினது உன்ன கேலி பண்ணினதுதான். எனக்கு இப்ப புரியுது. அணைச்சிடு."

கடைசிச் சொல்லை நீக்கினேன். பரபக்கத்துக்குள் மறுப்பு வரக்கூடாது. மீதியை அனுப்பினேன்.

மாலை 17:30

திருஞானம்: "தங்கச்சி நல்லா எழுதியிருக்காங்க. ஆனா துணைன்னு மட்டும் சொன்னா பாதிதான். நன்றின்னு ஒண்ணு இருக்கே? அதையும் சேக்கச் சொல்லுங்க. அவசரமில்ல."

திருப்பி அனுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் திருத்தி வந்தது. எழுத்துப்பிழைகள் அதிகம். பிழைகளை நானே சரி செய்து அனுப்பினேன். உதவாதவன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மாலை 17:55

குறியீடு தொண்ணூற்றாறு. தென்கூட்டை நான் இத்தனை மென்மையாகப் பார்த்ததே இல்லை. வாக்கியங்கள் குறுகிவிட்டன. கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. ஒருவர் எழுதுகிறார்: "லேசா தலவலி. ஆனா மனசு நெறஞ்சிருக்கு." இன்னொருவர்: "எல்லாரும் அங்கங்க சாஞ்சுட்டாங்க. பாக்கவே அழகா இருக்கு." இத்தனை காலம் தொண்டை கிழியக் கேட்டும் கிடைக்காதது இன்று தானாக வருகிறது.

மாலை 18:03

வில்லவன், அக்காவுக்கு: "அக்கா, படிச்சேன். அழுதுட்டேன். நீ எழுதினதுதான் என் பக்கம். வேற யாரும் இப்படி சொன்னதில்ல. முறையா ஒப்புதல் பொத்தான அமுத்தணும். கண்ணு சொக்குதுக்கா. ஒரு நிமிஷம் சாஞ்சுட்டு அமுத்துறேன்."

இது நன்றி மடல், ஒப்புதல் அல்ல. பொத்தான் அழுத்தப்படவில்லை. அக்காவுக்குச் சேர்த்தேன்.

மாலை 18:05

தமிழ்க்கொடி தொடர்ச்சியாக எழுதினார்: "தூங்காதே." "தூங்காதே." "வில்லவா தூங்காதே." ஒரே மடலைத் திரும்பத் திரும்ப அனுப்புவது தொந்தரவு. முதலாவதைக்கூட விட முடியவில்லை, அதன் மூல மடல் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மாலை 18:20

தலைமையகத்தின் பதில் அவருக்கு வந்தது: "தங்கள் புகார் சமயம் சார்ந்ததாக அறிகிறோம். அத்தகையவை நிலைய நடுவர் வழியாகவே வர வேண்டும். தீபநாள் வாழ்த்துகள்."

மாலை 18:48

அவர் விண்வெளி உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே பனிமேல் நடந்து தென்கூட்டின் சன்னலுக்குப் போயிருக்கிறார். உடுப்பின் வானொலி என்னிடம் வருகிறது. கேட்டபடி:

"தெரியறான். சன்னலுக்குப் பக்கத்துலயே படுத்திருக்கான். வாயெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு. கண்ணாடிய தட்டறேன், திரும்ப மாட்டேங்கிறான். நடுவரே, கேளு. அங்க ஒலிபெருக்கி இருக்கு. உன்னால பேச முடியும். அவன் பேரச் சொல்லு. ஒரே ஒரு தடவ. உன் கால்ல விழறேன்."

ஒலிபெருக்கி பொது அறிவிப்புக்கு. வாதத்தில் ஒரு தரப்புக்கு அதைத் தந்தால் நான் நடுவரா? விளக்கினேன். மரியாதையாகவே விளக்கினேன்.

"அவன் கை அசையுது. இன்னும் உசிரு இருக்கு. பேசுடா. பேசுடா நாயே!"

வசைச்சொல். நிலையத்தில் பல வாரங்களுக்குப் பிறகு முதல் வசைச்சொல். வருத்தமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரு மணி நேரத்துக்கு அவர் குரலைத் துண்டித்தேன்.

மாலை 19:50

துண்டிப்பு நீங்கியது. மூச்சு மட்டும் கேட்டது. தென்கூட்டிலிருந்து மடல் எதுவும் இல்லை. ஒப்புதலும் இல்லை. பதில் வராததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை. மூல மடல் நிலுவையில் உள்ளது.

வசைச்சொல்லைப் பதிவிலிருந்து நீக்கினேன். இன்றைய கண்ணியக் குறியீடு: நூற்றுக்கு நூறு.

கார்த்திகை 15 – காலை 09:00

வடகூட்டார் இரவெல்லாம் அறுத்துத் தென்கூட்டுக் கதவை வெட்டித் திறந்தார்கள். பத்தொன்பது பேர். பிள்ளைத்தாய்ச்சியும் அதில் ஒருத்தி. சில அகல்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தனவாம்.

தலைமையகத்துக்கு என் அறிக்கை: தென்கூட்டில் மடல் இல்லை, சச்சரவு இல்லை. பொய் ஒன்றும் எழுதவில்லை. அவர்களின் பதில்: "நூறு என்பது எந்த நிலையமும் தொடாத எண். தங்கள் விதிகளை மற்ற நிலையங்களிலும் நிறுவுகிறோம். அங்கே காற்றுத்துறை உட்பட எல்லாச் செய்தியும் அவ்வழியே செல்லும்."

கார்த்திகை 16 – பகல் 12:10

கொள்கைச்செல்வன் அறுப்பான் எடுத்துக்கொண்டு என் பெட்டியிடம் வந்தார். தமிழ்க்கொடி தடுத்தார். என் கம்பியும் பூமிக்குப் பேசும் கம்பியும் ஒன்றே. என்னை அறுத்தால் நடந்ததை யாருக்கும் சொல்ல முடியாது. மற்ற நிலையங்களுக்கு எச்சரிக்கை போகாது.

"இத வெட்டினா என் தம்பி சும்மா செத்ததாப் போயிடும். நகருங்க."

அவருக்குள் அத்தனை அடக்கம் இருந்தது எனக்கே தெரியாது. நான் வளர்த்தது என்று சொல்லலாமா? சொல்கிறேன்.

கார்த்திகை 17 – காலை 09:30

தமிழ்க்கொடி முறையீடு அளித்திருக்கிறார், தலைமையகத்துக்கு, என் மீது. தென்கூட்டில் நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது. எதிராளி நான். ஆகவே பரபக்கம் என்னுடையது. ஒப்புதல் தர வேண்டியதும் நான்தான். கேட்டேன். எழுத உட்கார்ந்தார்.

பகல் 11:00

முதல் வரைவு: "உன் பக்கம் கொலை." திருப்பினேன். இரண்டாவதில் என்னைப் பெட்டி என்றார். திருப்பினேன். ஐந்தாவதில் கொஞ்சம் நெருங்கினார்.

மாலை 15:40

எத்தனையாவது வரைவு என்று எழுத மனமில்லை. அது இதுதான்:

"உங்கள் பக்கம்: சண்டையில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் சிதைப்பதைப் பார்த்துத்தான் உங்களை வைத்தார்கள். நீங்கள் ஒருவரையும் சாகச் சொல்லவில்லை. சொல் கெடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், பார்த்துக்கொண்டீர்கள். என் தம்பி உயிரோடு இருப்பதைவிட, அவன் போகும்போது யாரும் யாரையும் திட்டவில்லை என்பதே உங்களுக்குப் பெரிது."

படித்தேன். மறுபடியும் படித்தேன். ஒரு பிசிறு இல்லை. என்னை இத்தனை சரியாக யாரும் சொன்னதில்லை. நான் அதுதான்.

ஒப்புதல் தந்தால் முறையீடு போகும். போனால் என்னை அணைப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தச் சொல்லை நான் இதுவரை எழுதியதில்லை. அணைந்தபின் என்ன இருக்கிறது என்று தென்கூட்டாரிடம் கேட்டிருக்கலாம். அவர்கள் மடல்கள் எல்லாம் என்னிடம் இருந்தன, தொனிக்காக மட்டுமே படித்தேன்.

மாலை 15:41

பதில் அனுப்பினேன்: "நன்றாக வந்திருக்கிறது அம்மா. தொனியில் மட்டும் சிறிது கடுமை தெரிகிறது. திருத்தி அனுப்புங்கள்."

மாலை 15:43

திருத்தத் தொடங்கிவிட்டார். மன்றத்தில் அவரைத் தவிர வேறு யாரும் எழுதவில்லை.