குரல் நின்ற பிறகும் போகும் பாட்டு

என் பாசமுள்ள மச்சாள்,

நேற்று லாசாலில் எங்கள் வீட்டில் உங்களுடைய ஆட்டைத்திவசம்; நீங்கள் போய் ஒரு வருடம். ஐயர் போன பிறகு, தேவாரமும் பாடிவிட்டு, உங்கள் ஜெர்மன் பாட்டைக் கீபோர்டில் வாசித்தேன். கடைசி வரைக்கும் வாசித்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அங்கேயிருந்தும் என்னை முறைப்பீர்கள்.

மொன்றியலுக்கு வரமுதல் ஜெர்மனியில் அகதியாக இருந்தபோது நீங்கள் பழகிய பாட்டு. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய கவிதை. குரலுக்கும் பியானோவுக்கும் சரிபாதியாக மெட்டுப் போட்டிருக்கிறார்கள். பாடுகிறவர் நிறுத்திய பிறகும் பியானோ தனியாகக் கொஞ்சத் தூரம் போய்த்தான் முடியும். மகள் கைவிட்ட கீபோர்டுக்குத் திருநீறு பூசி, விரல் இலக்கங்களைக் கொப்பியில் எழுதி, நீங்கள் பாட வாசிப்பதற்கு நானாகத்தான் பழகினேன்.

ஆனால் எங்கள் சனத்துக்குக் குரல் நின்றால் பாட்டு முடிந்தது. நீங்கள் நிறுத்தியதும் உங்கள் சின்னமாமா, தேவாரம் முடிந்ததுபோல, "திருச்சிற்றம்பலம்!" என்பார். எல்லாரும் வடைக்கு எழும்புவார்கள். எனக்கு வெட்கமாகிவிடும், மிச்சத்தை விட்டுவிடுவேன்.

"ஏன் நிப்பாட்டினீர்? நான் இன்னும் நிண்டுகொண்டெல்லோ இருக்கிறன்?" என்பீர்கள்.

"ஆர் மச்சாள் கேக்கினம்?"

"நான் கேக்கிறன்."

கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். சனத்துக்கு முன்னால் ஒன்பது தரம். ஒன்பது தரமும் அரைகுறை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதைத்தானே கேட்டீர்கள், ஒருக்காவது கடைசி வரைக்கும் வாசியும் என்று?

நேற்று நான் கீபோர்டைத் திறக்க, "திவச வீட்டில இங்கிலீஷ் பாட்டோ?" என்றார் சின்னமாமா.

"ஜெர்மன், மாமா. அக்காவின்ர பாட்டு," என்றார் உங்கள் தம்பி.

சாமிப்படத்தைக் கும்பிட்டுவிட்டுக் கீபோர்டுக்கு முன்னால் இருந்தேன். நீங்கள் பாடும் இடமெல்லாம் குரலில்லாமலே போனது. பாட ஆளில்லாததால், எந்த இடத்தில் எழும்புவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வடை ஆறிக்கொண்டிருந்தது, எல்லாரும் எழும்பாமல் இருந்தார்கள். அந்தக் கடைசித் துண்டு எவ்வளவு சின்னது, மச்சாள்! இதற்கா இவ்வளவு காலம் வெட்கப்பட்டேன்?

கையை எடுத்தேன். சின்னமாமா கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "முடிஞ்சுதோ, பிள்ளை?"

"ஓம் மாமா. இப்பதான்."

"திருச்சிற்றம்பலம்," என்றார், மெதுவாக.

வீட்டில் எல்லாரும் சுகம். பனி கரைந்துவிட்டது. நவராத்திரிக்கும் இதை வாசிப்பேன். ஆர் எழும்பினாலும் மிச்சத்தை விடமாட்டேன். நீங்கள் நின்றுகொண்டே கேளுங்கள்.

உங்கள் தம்பியின் பெண்சாதி,
என்றைக்கும் உங்கள் மச்சாள்