குகை வாசலில் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம்

அனுப்புநர்:
சா. ஜெயசித்ரா,
தையற்கடை, மேலத்தெரு,
கல்லோடைப்பட்டி,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
பழங்கடற்கரை நடைபாதைத் திட்டம்,
பெரம்பலூர்.

பொருள்: காத்தாயி குகையின் கம்பிக்கதவை மாலையில் பூட்டிய பின் வருவோருக்கு வழி செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் ஓடைக்கரையில் தாங்கள் அமைத்த பாதை நன்றாக இருக்கிறது. முன்பு முள் கிழிக்காமல் குகைக்குப் போய்வர முடியாது. இப்போது கைக்குழந்தையோடு நடக்கலாம். 'பழங்கடற்கரை: எளிய நடை' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, கடல் எங்கே என்று என் கடைக்கு வந்து கேட்பவர்களுக்கும் நானே பதில் சொல்லி அனுப்புகிறேன். என் குறை கதவைப் பற்றியது.

2. இங்கே கடல் இருந்த காலத்தில், கோபித்துக்கொண்டு கப்பலேறிய தம்பியைக் காத்தாயி இந்தக் குகையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பது எங்கள் பக்கத்துக் கதை. அவன் திரும்பி வந்தும் வீட்டுக்குப் போகக் கூசி, குகையிலேயே நின்றான். அவள் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். மனிதர் தோன்றும் முன்பே கடல் விலகிவிட்டதாகத் தங்கள் பலகை சொல்கிறது. இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனாலும் கூப்பிட்டால் குகை வாசலில் வந்து நிற்பார்கள் என்று நம்பி, வீட்டை விட்டுப் போனவர்களைக் கூப்பிடத் தா.பழூரிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள்.

3. என் தம்பி மணிவண்ணன், தந்தையார் நாலு பேர் முன்னிலையில் கைநீட்டிவிட்டதால் வீட்டை விட்டுப் போனவன். காவல் நிலையத்தில் மனு கொடுத்தும் தகவல் இல்லை. சென்ற ஆடியில் குகையில் அவன் பெயரைக் கூப்பிட்டேன். அன்றுமுதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதி தைத்த துணியை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

4. சென்ற வாரம் காவலாளி வெள்ளைச்சாமி பேச்சுவாக்கில் சொன்னது: "நேத்து பூட்டுனதுக்கப்புறம் ஒருத்தரு வந்து கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னாரும்மா. இங்க யாராச்சும் கூப்புட வந்தாங்களான்னு கேட்டாரு. எனக்கென்ன தெரியும்? டைம் ஆயிடுச்சு, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன்."

நெற்றியில் தழும்பு இருந்ததா என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். அவர் மீது குற்றமில்லை, வேலையைத்தான் பார்த்தார். அன்று பூட்டிய பின்னும் வெகுநேரம் அங்கேயே நின்றேன். யாரும் வரவில்லை.

5. கல்லாகிப்போன சிப்பிகளைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள் என்பதால் பூட்டு அவசியம் என்று அறிவேன். ஆகவே பூட்டிய பின் யார் வந்தாலும் பெயரைக் கேட்டு, உட்கார வைக்குமாறு காவலாளிக்கு உத்தரவிட வேண்டுகிறேன். 'எளிய நடை' என்பதற்குக் கீழே என் செல்போன் எண்ணை எழுதவும் அனுமதிக்க வேண்டும். எந்நேரம் அழைத்தாலும் வருவேன்.

எண்ணுக்குக் கீழே, 'அப்பாவும் வருவார்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். தந்தையார்தான் எழுதச் சொன்னார்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சா. ஜெயசித்ரா

இடம்: கல்லோடைப்பட்டி
நாள்: 14.10.2024