செல்லக்கிளி நீட்டிய கை

மச்சானுக்கு, சிம்மக்கல்லிலிருந்து வணங்கி எழுதுவது.

நானும் நம் பிள்ளை ஜெயக்கொடியும் இருக்கிறோம். கொழும்புக்கு இந்தக் காகிதம் வந்து சேரும்போதும் இருப்போம் என்று நம்புகிறேன்.

நம் சந்தில் காலரா. எதிர்வீட்டுத் தங்கப்பொண்ணின் மூத்தவன் திங்கட்கிழமை இறந்துவிட்டான். நேற்று ஊசி போட நகரசபை ஆட்கள் வந்தார்கள். ஊசி போட்டால் உயிர் போய்விடும் என்று பேச்சு. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டோம். நீங்களும் வேண்டாமென்றுதானே எழுதியிருந்தீர்கள்.

அப்போது மருத்துவச்சி செல்லக்கிளி சந்தின் நடுவில் நின்று கையை நீட்டினாள். "உங்க பிள்ளைக அம்புட்டையும் இந்தக் கையிலதான் வாங்குனேன். மொதல்ல எனக்குப் போடட்டும். பெறகு உங்க இஷ்டம்," என்றாள்.

அவளுக்கு ஊசி போட்டதும், முதலில் கதவைத் திறந்தது தங்கப்பொண்ணு. அவளுக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறதே. அவள் பின்னால் நானும் ஜெயக்கொடியைத் தூக்கிக்கொண்டு போனேன். உங்களைக் கேட்காமல் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தது, கை வீங்கியது. "நானே பிள்ளையக் கொன்னுட்டேனாக்கா?" என்று செல்லக்கிளியிடம் ஓடினேன். "எனக்குந்தான் காயுது, தொட்டுப் பாரு," என்று என் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

இன்று காலை பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. கஞ்சி கேட்டாள்.

கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள். நாளை அடுத்த சந்தில் ஊசி போடுகிறார்கள். அங்கேயும் கதவைச் சாத்துவார்கள். "பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நீயும் வா. பாத்தா நம்புவாக," என்கிறாள் செல்லக்கிளி. அங்கே நாலு வீட்டில் நோய் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான்.

போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் தாய்